வியாழனுக்குப் பயந்து ஓடியவன்

சனிக்குப் பயந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். எள்ளெண்ணெய் எரிப்பார்கள், விரதம் இருப்பார்கள், சனிக்கிழமைகளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதை உண்டு. நான் பயந்து ஓடியது வியாழனுக்கு. குரு பகவான் என்று கும்பிடுகிறார்களே, அவர் பார்த்தாலே கலியாணம் கூடிவரும் என்கிறார்களே, அதே வியாழனுக்குத்தான். அதுவும் பெண் பார்க்கப் போன வீட்டில், சலவை வேட்டியோடு, வாயில் பலகாரத்தோடு.

1992, மாசி மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது. கொக்குவிலில் ஒரு சிறிய ரியூற்றரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டையால் மின்சாரம் குடாநாட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அது போனதால் முன்னேறிய ஒரே துறை வானியல்தான். ஆறரை மணிக்கெல்லாம் ஊர் இருண்டுவிடும். வானத்தில் அவ்வளவு நட்சத்திரங்கள் இருப்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

யாரிடமோ இரவல் வாங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து நட்சத்திரப் படத்தை ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பிரதி எடுத்திருந்தேன். புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளுக்குள் வேட்டைக்காரன், காளை, சிங்கம். படத்தை மட்டும்தான் பிரதி எடுத்தேன். முன்னுரையை எடுக்கவில்லை. (முன்னுரையை யார்தான் வாசிக்கிறார்கள்? நீங்கள் வாசிக்கிறீர்களா?) இந்த ஒரு சோம்பல்தான் என் மானத்தை வாங்கியது.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பெரும் பயந்தாங்கொள்ளி. அந்த நாட்களில் எல்லாருக்கும் பயம் இருந்தது. ஆனால் மற்ற ஆண்கள் அதை மீசைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்கு மீசையும் சரியாக வளரவில்லை. ஒருமுறை பக்கத்து ஒழுங்கையில் அரைக்கிற மில் தொடங்கிய சத்தத்தைக் கேட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முந்திக்கொண்டு பங்கருக்குள் போய் இருந்திருக்கிறேன். (குண்டுக்குப் பயந்து எல்லாரும் வெட்டி வைத்திருந்த பதுங்குகுழிதான் பங்கர்.) பிள்ளைகள் மேலே நின்று, "சேர், அது மிளகாய்த்தூள்" என்றார்கள்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் சுகந்தியைப் பேசினார்கள். வட்டுக்கோட்டைப் பக்கம் வெங்காயம் செய்கிற கந்தையா என்பவரின் மகள். ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அதற்கு முன்பே அவளை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில், மேடையில் இருந்தவர் அரை மணித்தியாலம் பேசி முடித்ததும் எழுந்து, "நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கினதோ?" என்று மிகப் பணிவாகக் கேட்டவள் அவள். அன்றிலிருந்து வேறு எந்தப் பெண்ணின் சாதகத்தையும் நான் திறந்து பார்க்கவில்லை. இந்தச் சம்பந்தம் குழம்பினால் நான் உடைந்துபோவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் பெண் பார்க்க நாள் குறித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெண் வீட்டாருக்கும் ஓர் அவசரம் இருந்தது. சுகந்தி சதய நட்சத்திரம், கும்ப ராசி. வியாழன் அப்போது சிங்கத்தில் நின்றது. கும்பத்திலிருந்து எண்ணினால் சிங்கம் ஏழாம் இடம், கலியாண இடம். வருகிற புரட்டாசிக்குள் வியாழன் கன்னிக்கு மாறி எட்டாம் இடத்துக்குப் போய்விடும். அதற்கு முன்னம் தாலி ஏற வேண்டும் என்பதில் சுகந்தியின் தாயார் ஒரே பிடியாக நின்றார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் வியாழன் என்பது எனக்கு அதுவரை பஞ்சாங்கத்தில் இருந்த ஒரு கட்டம், அவ்வளவுதான். அது வெளியே வந்து வானத்தில் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தாய் தகப்பன் இல்லாத எனக்கு எல்லாமே அக்காதான். அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்குப் புறப்பட்டேன். வீட்டிலிருந்த கடைசிச் சவர்க்காரத் துண்டால் தோய்த்த வேட்டி. கையில் ஒரு ரோச் லைற். பற்றரி குடாநாட்டுக்குள் வராத காலம் அது, ஆகவே ரோச் எரியாது. ஆனாலும் நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்டும்போது வெறும் விரலைவிட மதிப்பாக இருக்கும் என்று கொண்டுபோனேன்.

வழியில் அக்கா பின்னால் இருந்து கட்டளைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள்.

"கனக்கக் கதையாதை. ஆனா ஊமை மாதிரியும் இராதை. பலகாரத்தை ஒண்டுக்கு மேலை எடாதை. அங்கை விறாந்தையிலை ஒரு பெடியன்ரை படம் இருக்கும், விளக்குக் கொளுத்தி. சுகந்தியின்ரை தமையன். அதைப் பற்றி ஒண்டும் கேட்டுப்போடாதை."

"என்ன நடந்தது?"

"போன வரியம் குண்டு விழுந்து... கேளாதை எண்டெல்லே சொல்லுறன்."

மானிப்பாய் தாண்டியதும் கெலி வந்தது. (ஹெலிகொப்டருக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர்.) நான் சைக்கிளை விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்துவிட்டேன். அக்கா கரியரில் இருக்கிறாள் என்பது பாதிப் பாய்ச்சலில்தான் நினைவுக்கு வந்தது. அவள் தானாக இறங்கி, சைக்கிளைப் பிடித்து மதிலோடு சாத்திவிட்டுப் பிறகு வந்து என் பக்கத்தில் படுத்தாள். கெலி இரண்டு முறை சுற்றிவிட்டு எங்கேயோ போனது. போன பிறகும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நான் எழும்ப மறுத்தேன். அதனால் நான்கரைக்குப் போகவேண்டிய இடத்துக்கு ஆறரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

நல்ல மனிதர்கள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒரேயொரு ஜாம் போத்தில் விளக்கு அந்தப் படத்துக்கு முன்னால் எரிந்தது. இன்னொரு விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் முற்றத்தில் கதிரை போட்டு எங்களை இருத்தினார்கள். சுற்றிவர வெங்காயத் தோட்டம், கிழக்கே பனைவரிசை, மேலே முழு வானமும். சுகந்தியின் தாயார் மட்டும் முற்றத்துக்கு இறங்கவில்லை. வாசற்படியிலேயே, கூரைக்குக் கீழே இருந்துகொண்டார். வானத்துக்கு முகம் காட்டாமல் ஒருவர் இருப்பதை நான் கவனித்தேன். ஏனென்று யோசிக்கவில்லை.

சுகந்தி தேநீரும் பனங்கட்டியும் பயித்தம்பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தகப்பனின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். இருட்டில் முகம் தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கிறாளா, சேறு காய்ந்த என் வேட்டியைப் பார்க்கிறாளா என்று தெரியாமல் எனக்கு வியர்த்தது. ஒருவரும் பேசவில்லை. அக்காவுக்கு மௌனம் ஒத்துவராது.

"எங்கடை தம்பி வானசாஸ்திரத்தைக் கரைச்சுக் குடிச்சவன். ஒவ்வொரு வெள்ளிக்கும் பேர் சொல்லுவான்," என்றாள். (எங்கள் ஊரில் நட்சத்திரத்தை வெள்ளி என்போம்.)

"அப்பிடியே? சொல்லுங்கோ தம்பி, கேப்பம்," என்றார் கந்தையா.

ரோச்சைத் தூக்கினேன். தலைக்கு நேரே வேட்டைக்காரன் நின்றான். "உந்த மூண்டு வெள்ளியும் அவன்ரை இடுப்புப் பட்டி. கிரேக்கர் வேட்டைக்காரன் எண்டவை. அவன் தேள் கடிச்சுச் செத்தவன். ரெண்டு பேரையும் வானத்திலை எதிர் எதிர்ப் பக்கத்திலை வைச்சிருக்கினம். தேள் உதிக்க இவன் மறைஞ்சிடுவான். அவன்ரை தோளிலை சிவப்பாய் நிக்கிறதுதான் எங்கடை திருவாதிரை. தலைப்பக்கம் இருக்கிறது மிருகசீரிடம். அவைக்கு வேட்டைக்காரன்ரை தலை, எங்களுக்கு மான்ரை தலை."

கந்தையா அண்ணாந்து பார்த்தார். அக்கா பெருமையில் பணியாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் மேற்கே கார்த்திகைக்குப் போனேன். "அவைக்கு இது ஏழு சகோதரியள். எங்களுக்கு முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள்."

இருட்டுக்குள்ளிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "அப்ப ஏழாவது ஆள் எங்கை?"

"மங்கல் வெள்ளி. கண்ணுக்குப் பிடிபடாது. ஒருத்தி வெக்கப்பட்டு ஒளிச்சிட்டாள் எண்டு கிரேக்கரும் சொல்லுறவை."

அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் நான் தரையை விட்டு நாலு அடி மேலே போனேன். விழுவதற்கு அந்த உயரம் போதும்.

"சிங்கம் எண்டு ஒரு ராசி இருக்கெல்லோ. அதைச் சிங்கம் எண்டு ஆர் முதல் சொன்னவை?" என்று அவளே கேட்டாள். (வியாழன் நிற்கிற ராசி. அவளுடைய கலியாணம் தொங்கிக்கொண்டிருந்த ராசி. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.)

"பாபிலோன்காரர். ஆயிரக்கணக்கான வரியத்துக்கு முந்தியே அவை சிங்கம் எண்டிட்டினம். கடும் வெய்யில் காலத்திலை சூரியன் அங்கை நிண்டதாலை அப்பிடிப் பேர் வந்ததெண்டும் சொல்லுவினம். கிரேக்கர் பிறகு அதுக்கு ஒரு கதை கட்டினவை. எந்த ஆயுதத்தாலையும் குத்த ஏலாத தோல் உள்ள சிங்கம், ஒரு வீரன் வெறுங்கையாலை நெரிச்சுச் சாகடிச்சவன். அந்தச் சிங்கத்தின்ரை இருதயம்தான் எங்கடை மகம். முதுகிலை பூரம், வாலிலை உத்தரம். இப்ப கிழக்கை ஏறுது, காட்டுறன் பாருங்கோ."

ஒரு பயித்தம்பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு கிழக்கே திரும்பினேன். தலை தெரிந்தது. மகம் தெரிந்தது. அதற்குக் கீழே, சிங்கத்தின் வயிற்றடியில், பனை வட்டுக்குச் சற்று மேலே, பெரிய வெளிச்சம் ஒன்று நின்றது.

என் படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

படம் எனக்கு மனப்பாடம். மார்கழியில் நான் பழகியபோது மாலை வானத்தில் அது இருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மதிலும் மாமரமும் கிழக்கை மறைத்திருந்தன. இப்போது அது மஞ்சள் வெள்ளையாக, மற்ற எல்லா நட்சத்திரத்தையும்விடப் பெரிதாக நின்றது. மெல்லிய முகில் ஒன்று நகர்ந்தபோது அதுவும் எங்களை நோக்கி நகர்ந்தது. பனையோலை ஆடி மறைத்தபோது அணைந்து அணைந்து எரிந்தது. நட்சத்திரம் இல்லையென்றால் வேறு என்ன? என் மூளை ஒரே ஒரு விடையைத்தான் கொடுத்தது.

"பொம்மர்!" என்று கத்தினேன். (குண்டு போடுகிற விமானத்தை அப்படித்தான் சொல்வோம்.) பணியார மா நாலு பக்கமும் பறந்தது. "பங்கருக்கை ஓடுங்கோ!"

கந்தையா எழுந்து நின்றார். "சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே தம்பி?"

"வெளிச்சம்தான் முதல் வரும்! சத்தம் பிறகு வரும்!"

விஞ்ஞான ஆசிரியர் அல்லவா. சாகும்போதும் ஒளியின் வேகம் ஒலியின் வேகத்தைவிட அதிகம் என்பதைப் படிப்பித்துவிட்டுத்தான் சாவேன். ஆனால் இந்த வசனத்தை நான் நின்று சொல்லவில்லை. ஓடிக்கொண்டே சொன்னேன். "ஓடுங்கோ" என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் எல்லாருக்கும் முதல் ஓடினேன். சுகந்தியைத் தாண்டி ஓடினேன். அவளுடைய தோளில் என் கை இடித்தது. அதைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. இன்றைக்கும் இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. மற்றவர்கள்தான் சிரிப்பார்கள்.

வளவின் மூலையில் பனங்குற்றிகளும் மண் மூட்டைகளும் அடுக்கி மூடிய பங்கர். வாசல் எங்கே என்று வந்தவுடனேயே பார்த்து வைத்திருந்தேன். (பெண்ணைப் பார்க்க முதல் பங்கரைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) தலைகீழாக உள்ளே பாய்ந்தேன். மென்மையாக, சூடாக ஏதோ ஒன்றின்மேல் விழுந்தேன். அது உயிர் போகிற மாதிரிக் கத்தி என் முகத்தில் கொத்தியது. அடைகாக்கும் கோழி. எனக்குக் கீழே முட்டைகள் நொறுங்குவது கேட்டது. அடுத்த நொடி அக்கா என்மேல் விழுந்தாள். மிச்ச முட்டைகளும் நொறுங்கின.

குண்டு விழவில்லை. சத்தம் பிறகும் வரவில்லை.

மேலே கந்தையாவின் குரல் கேட்டது. "எதைக் கண்டனீங்கள் தம்பி?"

"சிங்கத்தின்ரை வயித்துக்குக் கீழை! பெரிய வெளிச்சம்! என்ரை படத்திலை அங்கை வெள்ளியே இல்லை!"

சுகந்தி பங்கர் வாசலில் வந்து குனிந்தாள். "வெளியிலை வாங்கோ. அது வியாழன்."

எட்டாம் வகுப்புக்கு நானே படிப்பித்த பாடம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நின்ற இடத்தில் நிற்பது நாள்மீன், இடம் மாறித் திரிவது கோள்மீன். கையில் படமோ புத்தகமோ இல்லாமல் வெறும் கண்ணால் எங்கள் முன்னோர் பிரித்துவைத்த இரண்டு பெயர். கோள் திரிவதால் அதை எந்த நட்சத்திரப் படத்திலும் குறிக்க முடியாது. பிரதி எடுக்காமல் விட்ட அந்த முன்னுரையில் இது முதல் வரியாகவே இருந்திருக்கும்.

நான் முட்டைக் கருவும் கோழி இறகுமாக ஏறி வந்தேன். வாசற்படியில் தாயார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரோச்சை அடியுங்கோ, காயம் கீயம் பட்டிருக்கோ எண்டு பார்ப்பம்," என்றார். நான் இரண்டு முறை அழுத்தினேன். பிறகு உண்மையைச் சொன்னேன்.

"பற்றரி இல்லை மாமி."

"உந்த வியாழன் பிள்ளையைப் பார்க்குதெண்டுதான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்," என்றார் அவர்.

கந்தையா ஒரு கேள்விதான் கேட்டார். "பொம்பிளையளை விட்டிட்டு நீங்கள் முதல் ஓடினதென்ன தம்பி?"

முகம் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்ப் பொய் ஒன்று தயாரித்திருக்கலாம். பங்கர் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன் என்று அக்கா ஏற்கெனவே ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தாள், அவள் தொண்டையைச் செருமியதில் தெரிந்தது. ஆனால் எனக்கு வாயில் வந்தது ஒரு சொல்தான். "பயம்."

கொக்குவில் வரைக்கும் அக்கா கரியரில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அவள் வாழ்நாளில் அதுதான் நீண்ட மௌனம். நான் சைக்கிளை மிதித்தபடி அழுதேன். முட்டை காய்ந்து முகம் இறுகியிருந்ததால் அழுவதற்கும் வசதியாக இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் கந்தையா சைக்கிளில் வந்தார். சாதகத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறார் என்று நான் உள்ளறைக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் விறாந்தையில் இருந்து அக்காவிடம் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது.

"எனக்கெண்டால் விருப்பமில்லை பிள்ளை. மறைச்சு என்ன? முதல் ஓடினவனுக்குப் பிள்ளையைக் குடுக்கிறதோ எண்டு நான் கேட்டனான். சுகந்தி, பயமெண்டு வாய் திறந்து சொன்ன ஆளே தனக்குப் போதும் எண்டாள். மனுசிதான் நாலு நாளாய் ஒண்டும் கதைக்கேல்லை. நேற்று விடியச் சொல்லுறா... 'என்ரை ரவி அண்டைக்கு முற்றத்திலை நிண்டு மேலை பார்த்துக்கொண்டு, உது தூர போகுதம்மா, நீங்கள் ஏன் பயப்பிடுறியள் எண்டு சிரிச்சவன். நான் பங்கருக்கை இருந்து கத்தக் கத்த அவன் வரேல்லை. நிண்டு பார்த்தவனை நான் பறிகுடுத்திட்டன். உவன் வெள்ளியைக் கண்டே ஓடுறான். உவன் உயிரோடை இருப்பான். உவனுக்கே குடுங்கோ.' அதுதான் வந்தனான்."

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, சந்தோசப்பட வேண்டும் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வைகாசியில் கலியாணம். வியாழன் கன்னிக்கு மாறுவதற்கு நன்றாக முந்தி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "சத்தம் பிறகு வரும்" என்பது தேசியகீதம். மின்னினால் பிள்ளைகள் சொல்லுவார்கள். பரீட்சை முடிவு வந்து நான் பேசாமல் இருந்தால் சொல்லுவார்கள். நான் படுத்தவுடன் சுகந்தி சொல்லுவாள், குறட்டையைப் பற்றி. கோழிக்கறி வைக்கிற நாளில் அக்கா வந்து முழுக் கதையையும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள். அவள் சொல்லும்போது நொறுங்கிய முட்டைகளின் எண்ணிக்கை வருடாவருடம் கூடுகிறது.

வியாழனுக்கு வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரப் பன்னிரண்டு வருடம். முதல்முறை அது மறுபடியும் சிங்கத்துக்கு வந்தபோது வட்டுக்கோட்டை வீட்டில் நின்றோம். சண்டை ஓய்ந்திருந்த காலம். பங்கர் மூடப்பட்டு அதன்மேல் கத்தரி நட்டிருந்தது. பிள்ளைகளுக்கு வியாழனைக் காட்ட எல்லாரும் முற்றத்துக்கு இறங்கினோம். மாமி வழக்கம்போல வாசற்படியில், கூரைக்குக் கீழே.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து கேட்டார். "சத்தம் பிறகு வருமோ தம்பி?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

"இல்லை மாமி. உதுக்குச் சத்தமே இல்லை."

"அப்ப நிண்டு பார்ப்பம்," என்று சொல்லிவிட்டு, தூணை விட்டு, படியிறங்கி முற்றத்துக்கு வந்தார். சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். பனைக்கு மேலே அது அதே இடத்தில் நின்றது. அவர் நெடுநேரம் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரோடு நின்று பார்த்தோம். நான் மட்டும், பழக்க தோசம், கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்றேன்.